கேட் மூடினால் திட்டுகிறோம்... மூடாவிட்டால்?



கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வீடு உள்ளவர்களுக்கு ரயில்வே கேட் புதிதல்ல. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் ரயில் பாதை நம் ஊர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் வீடு. மறு பக்கம் பள்ளிக்கூடம், வேலை, கடைத்தெரு. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கேட் முன்னால் நிற்காதவர் நம்மில் எத்தனை பேர்?

நிற்கும்போது நாம் என்ன பேசுகிறோம் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். "ரயிலையே காணோம், அதுக்குள்ள மூடிட்டான்யா!" என்கிறார் ஒருவர். "ஒரே ஒரு வண்டிதான், கொஞ்சம் தூக்கி விடேன்பா" என்கிறார் இன்னொருவர். "உக்காந்த இடத்துல சம்பளம் வாங்குறான், நம்ம அவசரம் இவனுக்கு எங்க தெரியப் போவுது?" என்கிறார் மூன்றாமவர். ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. இரு சக்கர வண்டிக்காரர்கள் வண்டியைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கம்பத்துக்கு அடியில் நுழைந்து போகிறார்கள். கேட் கீப்பர் ஏதாவது சொன்னால் முறைக்கிறார்கள்.

இது தினமும் நடக்கிறது. யாரும் இதைச் செய்தி என்று நினைப்பதில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு நாள் கேட் மூடப்படாமல் கிடந்தது. அது நாடு முழுவதும் செய்தியாயிற்று.

அன்று நடந்தது

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு முன்பு. கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே உள்ள 170 ஆம் எண் கேட்டில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போன வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் உயிர் இழந்தார்கள். வேன் ஓட்டுநரும் இன்னொரு மாணவரும் படுகாயம் அடைந்தார்கள். பக்கத்து ஊர்க்காரனாகிய எனக்கு அந்தப் பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. அவர்கள் வீட்டுக்காரர்கள் இந்த மலரைப் பார்க்க நேர்ந்தால் மறுபடியும் அழக்கூடாது.

அந்தக் கேட் ஆளில்லாக் கேட் அல்ல. ஆள் இருந்த கேட். அகல ரயில் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கேட்டுகளை எல்லாம் 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். "இனி எல்லாக் கேட்டிலும் ஆள் இருப்பார்" என்று நிம்மதியாக இருந்தோம். ஆள் இருந்தும் கேட் மூடப்படவில்லை!

முதலில் ரயில்வே நிர்வாகம் ஒன்று சொன்னது. கேட்டை மூடப் போகும்போது, பள்ளிக்கு நேரமாகிறது, கடந்து போய்விடுகிறேன் என்று வேன் ஓட்டுநர் வற்புறுத்தினார் என்றும், விதிப்படி அனுமதித்திருக்கக் கூடாத கேட் கீப்பர் அனுமதித்துவிட்டார் என்றும் சொன்னது. ஓட்டுநரும் உயிர் பிழைத்த மாணவரும் அதை மறுத்தார்கள். கேட் திறந்தே கிடந்தது என்றார்கள். பிறகு நடந்த விசாரணையில், கேட்டை மூடாமலேயே மூடிவிட்டதாக கேட் கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னது தெரிய வந்ததாகச் செய்திகள் வெளியாயின. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார். அதற்கு முன்பே ஆத்திரத்தில் ஊர்க்காரர்கள் அவரை அடித்ததாகவும் செய்தி வந்தது.

யார் எவ்வளவு குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அது பாலிடெக்னிக் மாணவனின் வேலை அல்ல. ஆனால் அந்த விபத்திலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு எண், ஒரு சொல்

கேட் எப்படி வேலை செய்கிறது என்று நம்மில் பல பேருக்குத் தெரியாது. மேலே தூக்குவது, கீழே இறக்குவது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம்.

கேட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று இன்டர்லாக் செய்த கேட். அதில் கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். யார் மறந்தாலும் கருவி மறக்காது. இன்னொன்று இன்டர்லாக் செய்யாத கேட். அங்கே கேட்டுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு ரயில் வருவதைச் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். அதைப் பிரைவேட் நம்பர் என்பார்கள். "மூடிவிட்டேன், இதற்கு நான் பொறுப்பு" என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொண்டு ரயிலை விடுவார்.

செம்மங்குப்பம் கேட் அன்று இந்த இரண்டாவது வகைதான்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. ரயில் ஓட்டுபவர் பார்த்துப் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் போய்த்தான் ரயில் நிற்கும். எல்லோரும் போனில் வந்த ஒரு சொல்லை நம்பி இருக்கிறார்கள். அந்தச் சொல் உண்மையாக இருந்தால் ஆயிரம் பேர் பத்திரமாகப் போய்ச் சேருவார்கள். யாரும் கேட் கீப்பருக்கு நன்றி சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல் ஒரே ஒரு தடவை பொய்யாகிவிட்டால்...?

கேட் கீப்பருக்கு இன்னொரு கடமையும் உண்டு. கேட்டில் ஒரு லாரியோ டிராக்டரோ சிக்கிக்கொண்டால், ரயில் வரும் திசையில் சிவப்புக் கொடியோடு ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் மூன்றும் தண்டவாளத்தின் மேல் வெடி வைக்க வேண்டும். ரயில் சக்கரம் ஏறியதும் அது வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். வேகாத வெயிலிலும் கொட்டுகிற மழையிலும் கருங்கல் ஜல்லி மேல் ஒரு கிலோ மீட்டருக்கு மேல் ஓடிப் பாருங்கள். "உக்காந்த இடத்துல சம்பளம்" என்று சொல்ல வாய் வருமா?

பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது

இதைச் சொன்னதும், "அப்போ அந்தக் கேட் கீப்பருக்கு வக்காலத்து வாங்குறியா?" என்று கேட்பீர்கள். இல்லை. மூடாமல் மூடினேன் என்று யார் சொல்லியிருந்தாலும் அதற்குச் சமாதானம் கிடையாது.

விபத்துக்குப் பிறகு பல காரணங்கள் பேசப்பட்டன. வேற்று மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாதவர் என்றார்கள். நம் ஊர்க் கேட்டில் நிற்பவருக்கு நம் மொழி தெரிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆபத்து நேரத்தில் ஒருவர் கத்துவது இன்னொருவருக்குப் புரிய வேண்டாமா? சுரங்கப்பாதை கட்டத் திட்டம் இருந்தது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று ரயில்வே சொன்னது. பல கேட்டுகளில் 12 மணி நேர டியூட்டி இருக்கிறது. அதை 8 மணி நேரமாக்க வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. லெவல் கிராசிங்குகளையே ஒழிக்க வேண்டும் என்று 2012 இல் அனில் ககோட்கர் குழு ரயில்வேக்குச் சொல்லியிருந்தது. அந்தக் கேட் ஏன் அதுவரை இன்டர்லாக் செய்யப்படவில்லை என்ற கேள்வியும் எழுந்தது.

இவை எல்லாம் உண்மையான கேள்விகள். மேலே உள்ளவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் கேள்வியும் இன்னொரு கேள்வியை அழித்துவிடாது. நிர்வாகத்தின் குறையைக் காட்டித் தொழிலாளி தன் கடமையைக் கழிக்க முடியாது. தொழிலாளியின் தவறைக் காட்டி நிர்வாகமும் தப்பிக்க முடியாது. பொறுப்பு என்பது பந்தியில் பரிமாறுகிற சோறு அல்ல, ஒருவர் இலையில் அதிகம் வைத்தால் இன்னொருவருக்குக் குறைய! அவரவர் பங்கு அவரவருக்கு முழுசாக இருக்கிறது.

அப்படியானால் மூன்றாவதாக ஒரு பங்கும் இருக்கிறது. அது நம் பங்கு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நம் பங்கு என்ன?

அன்று திறந்த கேட்டைப் பார்த்துப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூடியிருக்க வேண்டிய கேட் அது. நான் சொல்வது அந்த ஒரு நாளைப் பற்றி அல்ல, மற்ற 364 நாட்களைப் பற்றி.

கேட் கீப்பர் நேரத்தோடு மூடினால் நாம் என்ன கொடுக்கிறோம்? வசவு. கொஞ்சம் தாமதித்து நாலு வண்டியைக் கூடுதலாக விட்டால் என்ன கொடுக்கிறோம்? "நல்ல மனுஷன்பா" என்ற பாராட்டு. ஒரு நாள், ஒரு மாதம், பத்து வருஷம் இப்படியே நடந்தால் ஒரு மனிதன் என்ன கற்றுக்கொள்வான்? சரியாகச் செய்தால் திட்டு, விதியை மீறினால் நல்ல பெயர்! இந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள் நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160 ஆவது பிரிவுப்படி, மூடிய கேட்டை அதிகாரம் இல்லாதவர் திறந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131 ஆவது பிரிவு, காவல் இல்லாத கிராசிங்கில் வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. வேறு ஆள் இல்லாவிட்டால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். அதாவது, காவலுக்கு ஆள் இல்லாத இடத்தில் நாமே கேட் கீப்பர் என்கிறது சட்டம்!

உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர் மாவட்டத்தில் 2018 ஏப்ரல் 26 அன்று ஒரு பள்ளி வேன் ஆளில்லாக் கேட்டில் ரயிலில் மோதியது. 13 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே எச்சரிப்பதற்காக 'கேட் மித்ரா' என்ற பெயரில் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அவர் நிறுத்தச் சொல்லியும் ஓட்டுநர் நிற்கவில்லை என்று ரயில்வே தெரிவித்தது. ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்தது என்றார்கள்.

செம்மங்குப்பத்தில் தடுக்க வேண்டியவர் தடுக்கவில்லை. குஷிநகரில் தடுத்தவரின் சொல் எடுபடவில்லை. இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான். "நில்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதைக் கேட்டு நிற்கவும் ஒருவர் வேண்டும். இதில் எது இல்லாமல் போனாலும் பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

என் அப்பாவின் கேட்

இதை எல்லாம் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. என் அப்பாவும் ஒரு கேட்டில்தான் நிற்கிறார். ரயில்வே கேட் அல்ல, ஒரு தொழிற்சாலையின் கேட். அவர் வாட்ச்மேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கட்டுரையில் நான் 'பொறுப்பு' என்று எழுதுகிற சொல்லுக்கு அர்த்தம் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே ரசாயனம் இருப்பதால், வருகிற லாரிக்காரர்களிடம் தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாம் வாங்கி வைக்க வேண்டும். வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம் நோட்டில் எழுத வேண்டும். இதுதான் அவர் வேலை. லாரிக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். காரில் வருபவர்களிடம்தான் வம்பு. ஒரு நாள் காரில் வந்த ஒருவரிடம், "சார், லைட்டர் இருந்தா கொடுத்துட்டுப் போங்க" என்று கேட்டிருக்கிறார். "நான் யாருன்னு தெரியுமா? என்னையே சோதனை போடறியா?" என்று அவர் சத்தம் போட்டுவிட்டார். சாயங்காலம் சூப்பர்வைசர் அப்பாவைக் கூப்பிட்டு, "ஆளைப் பார்த்து நடந்துக்கப்பா" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று இரவு அப்பா சாப்பிடும்போது சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "நெருப்புக்கு ஆளு தெரியுமாடா? நான் கேக்கறதை விட்டுட்டா அப்புறம் அங்க எதுக்கு நிக்கணும்? ஒரு கம்பத்தை நட்டு வெச்சா போதுமே." மறுநாளும் அவர் கேட்டார். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் எல்லோராலும் அப்படி இருக்க முடியுமா? இரண்டு தடவை அவமானப்பட்டவர் மூன்றாவது தடவை "எதுக்கு வம்பு" என்று கேட்டைத் திறந்து விட்டுவிட்டால்? அந்தத் திறப்பில் சத்தம் போட்டவர் கையும் சேர்ந்துதான் இருக்கிறது.

"அவங்க சம்பளத்துக்குத்தானே செய்யறாங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், சம்பளத்துக்குத்தான். சம்பளம் அவர் நேரத்துக்கும் உழைப்புக்கும். அவரை அவமானப்படுத்தும் உரிமையை நாம் எந்தச் சம்பளத்தோடும் சேர்த்து வாங்கவில்லை.

நாளைக்கு நாமும் அங்கேதான்

நண்பர்களே! இதைப் படிக்கிற நாம் யார்? டிப்ளமோ மாணவர்கள். நாளைக்கு மின்வாரியத்திலோ, ரயில்வேயிலோ, பஸ் பணிமனையிலோ, ஏதாவது ஒரு ஆலையிலோ வேலைக்குப் போகப் போகிறவர்கள். நம்மில் யாரும் நேராக மேனேஜர் நாற்காலியில் உட்காரப் போவதில்லை. கேட் கீப்பர் போனில் எண் சொல்வது போல, நாமும் தினமும் ஒரு சொல் கொடுத்து, ஒரு கையெழுத்துப் போட்டுப் பிழைக்கப் போகிறவர்கள்தான்.

நான் படிப்பது மின்னியல். மின்வாரியத்தில் 'எல்.சி.' என்று ஒன்று உண்டு. லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன்பு அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டோம் என்ற உறுதியை வாங்க வேண்டும். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடியும் மின்சாரம் விட வேண்டும். துணை மின்நிலையத்தில் இருப்பவர் கம்பத்தில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. கம்பத்தில் இருப்பவர் ஸ்விட்சைப் பார்ப்பதில்லை. இங்கேயும் நடுவில் இருப்பது ஒரு சொல்தான். செம்மங்குப்பம் கேட்டுக்கும் நம் தெருக் கம்பத்துக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்!

கரண்ட் போனால் நாம் என்ன செய்கிறோம்? பத்து நிமிஷத்துக்குள் போன் போட்டு, "என்னாய்யா பண்றீங்க அங்க?" என்று கத்துகிறோம். அந்த நேரத்தில் ஒருவர் கம்பத்தின் மேல் இருக்கலாம். "சீக்கிரம் விடு, சீக்கிரம் விடு" என்று நூறு பேர் கத்தும்போது, இறங்கினாரா இல்லையா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியவர் ஒரு தடவையோடு விட்டுவிட்டால் என்ன ஆகும்?

2011 டிசம்பர் 30 இல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அப்போது நான் கைக்குழந்தையைத் தாண்டிய வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, ஊர் ஊராக நாள் கணக்கில் இருட்டு. வேறு மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவில் லைட் எரிந்த அன்று அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தார்களாம். "அவங்க எந்த ஊரு, என்ன சாதி, யாரும் கேக்கல" என்பார் அம்மா. புயல் வந்தால்தான் அந்த மரியாதை வருமா? சாதாரண நாளில் ஏன் வரக்கூடாது?

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பவர், பஸ்ஸில் படியில் தொங்குபவரை உள்ளே வரச் சொல்லும் கண்டக்டர், விடியுமுன் நம் தெருவைக் கூட்டிவிட்டுப் போகும் அம்மா, பள்ளி வேனில் பிள்ளைகளின் கையைப் பிடித்து இறக்கும் ஆயா... இவர்கள் வேலை ஒழுங்காக நடக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடக்காதபோதுதான் தெரிகிறது. அதனால் நாம் அவர்களைப் பார்ப்பதே குற்றவாளியாகத்தான்.

கருவி வந்தால் போதுமா?

விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் சில உத்தரவுகள் போட்டார். எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொன்னார். கேட் கீப்பர்களின் போன் உரையாடல் பதிவுகளைத் தினமும் சோதிக்கச் சொன்னார். ஒரு கேட்டில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு 20,000 இருந்தால் இன்டர்லாக் என்று இருந்ததை 10,000 ஆகக் குறைத்தார். நல்ல மாற்றங்கள். பிள்ளைகளைக் கொடுத்த பிறகு வந்தவை என்பதுதான் வேதனை.

எங்கள் லேபில் ஒரு மோட்டாரை முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் ஸ்டார்ட்டர் இருக்கிறது. இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒன்று சேர்ந்திருக்கும்போது மற்றது சேராதபடி இன்டர்லாக் வைத்திருக்கிறார்கள். மனிதன் அசந்து போவான் என்று தெரிந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காதது பெரிய தவறு.

ஆனால் அந்த இன்டர்லாக்கின் வயரை யாராவது ஒருவர் சரியாக முடுக்க வேண்டும். மாதா மாதம் ஒருவர் சோதிக்க வேண்டும். சோதிக்காமலே "சோதித்தேன்" என்று நோட்டில் எழுதிவிட்டால் கருவி என்ன செய்யும்? ரெக்கார்டு நோட்டில் பக்கத்துப் பையனின் ரீடிங்கைப் பார்த்து அப்படியே எழுதும் பழக்கம் நம் கல்லூரியிலும் சில பேருக்கு இருக்கிறது. மார்க்குக்காக எழுதும் பொய்தானே என்று நினைக்கிறார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதப் பழகிய கை, வேலைக்குப் போனதும் திருந்திவிடுமா? செம்மங்குப்பத்துப் பாடம் நம் லேபிலேயே தொடங்குகிறது.

என்ன செய்யலாம்?

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்கள் இவை. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று. மூடிய கேட்டுக்கு அடியில் நம் கல்லூரி மாணவர் ஒருவரும் நுழைந்து போகக் கூடாது. பஸ் போனால் போகட்டும். முதல் பீரியட் தவறினால் தவறட்டும். கேட்டில் நின்ற அன்று பத்து நிமிஷம் தாமதத்தை மன்னிக்கும்படி நம் ஆசிரியர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்வோம். அவசரத்தை உண்டாக்குவதில் அவர்களுக்கும் நமக்கும் பங்கு உண்டல்லவா?

இரண்டு. திறந்த கேட்டாக இருந்தாலும் இரு பக்கமும் பார்த்துப் போவோம். கேட் கீப்பர் இருக்கிறார் என்பதற்காக நம் கண்ணை அவரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

மூன்று. ஒரு ஊழியர் தவறு செய்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுப்போம். தேதி, நேரம், நடந்தது என்ன என்று எழுதுவோம். நின்ற இடத்தில் வசை பாடினால் யாரும் திருந்தமாட்டார்கள். சரியாக வேலை செய்பவரைப் பற்றியும் அதே போல் ஒரு கடிதம் போடுவோம். நல்ல கடிதம் ஒன்றாவது வந்து சேர்ந்த அலுவலகம் எத்தனை இருக்கும்?

நான்கு. நம் கல்லூரியின் வாட்ச்மேனையும் துப்புரவுப் பணியாளரையும் லேப் உதவியாளரையும் "யோவ்", "இந்தாம்மா" என்று கூப்பிடுவதை விட்டு "அண்ணே", "அக்கா" என்று கூப்பிடுவோம். அடையாள அட்டை கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுவோம். ஆண்டு விழா மேடையில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும்போது அவர்களில் ஒருவருக்கும் போர்த்துவோம்.

ஐந்து. ரெக்கார்டு நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதுவோம். ரீடிங் தப்பாக வந்தால் தப்பாகவே எழுதி, ஏன் தப்பு என்று கேட்போம்.

இதை எல்லாம் செய்தால் விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகள் திரும்பி வரப் போவதும் இல்லை. ஆனால் அடுத்த தடவை கேட் இறங்கும்போது, நம் முன்னால் நிற்கும் மனிதர் நம்மைத் தடுக்க நிற்கவில்லை, காக்க நிற்கிறார் என்று நமக்குத் தெரிந்திருக்கும். அவர் தன் சொல்லைக் காப்பாற்றட்டும். அதைக் காப்பாற்ற விடாமல் நாம் ஹாரன் அடிக்காமல் இருப்போம்.

பத்து நிமிஷம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது நண்பர்களே.

நிற்போம்! பார்ப்போம்! பிறகு போவோம்!